தேன் விற்பவருக்கும் வாங்குபவருக்கும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி (செங்கலடி): வளவில் எட்டுத் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். இதுவரை பழைய சாராயப் போத்தலில் ஊற்றி அயலவர்களுக்கு விற்றேன். இப்போது கடைக்காரர் ஒருவர் கேட்கிறார். ஆனால் "லேபல் இல்லாமல் எடுக்க மாட்டேன், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பிடிப்பார்" என்கிறார். எட்டுப் பெட்டிக்கு இவ்வளவு கடதாசி வேலை தேவையா?

பதில்: தேவை. இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம் எட்டுப் பெட்டிக்காரர், எண்ணூறு பெட்டிக்காரர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சிறியவருக்கு இது பாரம்தான். ஆனால் ஒழுங்காகச் செய்தால் தாங்கக்கூடிய பாரம்.

முதல் வேலையாக, லேபல் அடிக்கக் கொடுக்க முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ச் சந்தியுங்கள். பலர் லேபல் அடித்து முடித்துவிட்டுப் போகிறார்கள். அவர் ஒரு வரியைத் திருத்தச் சொன்னால் அத்தனையும் வீண். தேன் பிழிந்து போத்தலில் அடைக்கும் இடத்தை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிய வேண்டும். அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. கழுவித் துடைக்கக்கூடிய தரையும் மேசையும், வலை அடித்த யன்னல், கை கழுவ நீர், கோழியும் நாயும் நுழையாத கதவு ஆகியவை உள்ள சிறு அறை போதும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். வியாபார அனுமதிப்பத்திரம் பற்றிப் பிரதேச சபையில் கேளுங்கள்.

லேபலில் பொருளின் பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தேறிய நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போடுங்கள். தொகுதி இலக்கத்துக்கும் திகதிகளுக்கும் இடம் விட்டு மொத்தமாக அச்சிட்டு, ஒவ்வொரு பிழிதலுக்கும் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். செலவு குறையும்.

நிறையில்தான் அதிகம் பிழைக்கிறார்கள். தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு பாரம். 750 மி.லீ. போத்தல் நிறையத் தேன் ஊற்றினால் 1 கிலோ 50 கிராம் வரும். அதில் "750 கிராம்" என்று எழுதுபவர் தன் உழைப்பில் 300 கிராமை இனாமாகக் கொடுக்கிறார். 650 மி.லீ. போத்தலில் "1 கிலோ" என்று எழுதுபவரிடம் இருப்பது 910 கிராம் அளவுதான். அது வாங்குபவரை ஏமாற்றுவது, வழக்கும் வரும். முத்திரையிட்ட தராசில், வெறும் போத்தலின் பாரத்தைக் கழித்து நிறுங்கள்.

தொகுதி இலக்கத்தை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். எந்தப் பெட்டி, எந்த நாள், எத்தனை போத்தல், யாருக்குக் கொடுத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால், ஒரு போத்தல் புளித்தது என்று முறைப்பாடு வரும்போது அந்தத் தொகுதியை மட்டும் திருப்பி எடுக்கலாம். கொப்பி இல்லாவிட்டால் முழு வருடத் தேனையும் இழப்பீர்கள்.

சாராயப் போத்தலை இன்றே விடுங்கள். கழுத்து ஒடுக்கம், உள்ளே தூரிகை போகாது, நன்றாகக் காயாது. அடியில் தங்கும் நாலு சொட்டு நீரே தேனைப் புளிக்க வைத்துவிடும்.

கடதாசியைவிடக் கடினமானது ஈரப்பதன். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், தேனில் 20 வீதத்துக்கு மேல் நீர் இருக்கக் கூடாது என்கிறது. நம் நாட்டுப் பெட்டித் தேனீயின் தேன், அதுவும் கடற்காற்று வீசும் மட்டக்களப்பில், அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். தேனடையின் அறைகளில் குறைந்தது முக்கால்வாசி மெழுகால் மூடப்பட்ட பிறகே அடை உள்ள மரச் சட்டத்தை எடுங்கள். மார்கழி மழையில் பிழியாதீர்கள். பிழிந்த தேனைத் திறந்த சட்டியில் இரவு முழுக்க வைக்காதீர்கள், காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். நீர் கூடிவிட்டது என்று அடுப்பில் காய்ச்சுவதோ இன்னும் கேடு. சூட்டில் எச்.எம்.எஃப். என்ற சேர்மம் பெருகும். அதற்கும் ஆய்வுகூடத்தில் எல்லை உண்டு: கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்பவலயத் தேனுக்கு 80.

பூ இல்லாத காலத்தில் சீனிப்பாகு வைப்பது தவறில்லை, தேனீ பிழைக்க வேண்டுமே. ஆனால் தேன் சேரும் மேல்தட்டு பெட்டியில் இருக்கும்போது வைத்தால் அந்தப் பாகே அடையின் அறைகளில் நிறையும். சுக்குரோஸ் (சாதாரண சீனி) 5 வீதத்தைத் தாண்டினால், ஒரு துளி சீனியும் நீங்கள் கலக்காவிட்டாலும் கலப்படம் என்றே அறிக்கை வரும்.

ஈரப்பதன் பார்க்கும் ரிஃப்ரக்டோமீட்டர் தனியாளுக்கு விலை அதிகம். அயலிலுள்ள ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே அறையைப் பதிந்து, ஒரே கருவியை வாங்கி, ஆளுக்கொரு தொகுதி இலக்கம் வைத்துக்கொள்ளலாம். உண்மையில் ஒவ்வொரு விவசாய விரிவாக்கல் நிலையத்திலும் இந்தக் கருவி ஒன்று இருக்க வேண்டும். எல்லையை மட்டும் விதித்துவிட்டு அளக்க வழி கொடுக்காதது சிறியவர்களுக்கு அநீதி. உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (கல்முனை): சந்தையில் தேன் விற்பவர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், அடியில் போய் நின்றது. நம்பலாமா?

பதில்: நம்ப முடியாது. தடித்த சீனிப்பாகும் அப்படியே அடியில் நிற்கும். தீக்குச்சி, எறும்பு, விரல் நகம் என்று செய்யும் சோதனை எதுவும் கலப்படத்தைக் காட்டாது. அது ஆய்வுகூட வேலை. எந்த மாதம் எடுத்தது, பெட்டியா காடா, பூ எது என்று கேளுங்கள். தேன் எடுத்தவரிடம் பதில் இருக்கும். முதலில் சிறு போத்தல் வாங்குங்கள். முகவரியும் பற்றுச்சீட்டும் இருந்தால்தான் பிறகு ஒருவரைப் பொறுப்புக் கேட்கலாம். விலை, நிறை, பற்றுச்சீட்டுப் பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். கலப்படச் சந்தேகம் என்றால் மிச்சத் தேனைப் போத்தலோடு மூடி பி.எச்.ஐ.யிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி (ஆரையம்பதி): போத்தலின் அடியில் மணல் போல் கட்டிவிட்டது. சீனியா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நல்ல தேனும் உறையும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாக. இளஞ்சூட்டு நீரில் போத்தலை வைத்தால் இளகும். நுரை, புளித்த மணம், மூடி உப்பல் இருந்தால்தான் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): ஒரு லேபலில் "நீரிழிவைக் குணமாக்கும், குழந்தைகளுக்கு உகந்தது" என்று இருக்கிறது. இதற்கு அனுமதி உண்டா?

பதில்: உணவாக விற்கும் தேன் நோயைக் குணமாக்கும் என்று எழுத முடியாது. நீரிழிவுக்காரருக்குத் தேனும் சர்க்கரைதான். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் தொட்டும் வைக்காதீர்கள், பிறந்த பிள்ளையின் நாவில் தொட்டு வைக்கும் சேனைக்குக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும். தூய தேனிலும் இந்த அபாயம் உண்டு. அப்படி எழுதிய போத்தலைப் படம் எடுத்து பி.எச்.ஐ.க்குக் கொடுங்கள்.

கேள்வி (பொத்துவில்): காட்டுத் தேன் வாங்குவது குற்றமா?

பதில்: எங்கே எடுத்தது என்பதைப் பொறுத்தது. லகுகல, கல்லோயா, மதுறு ஓயா போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் தேன் எடுக்க முடியாது. ஒதுக்குக் காடுகளுக்கு வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மதுறு ஓயா 1983இல் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே தேன் எடுத்த வேடர்கள் வெளியே வர வேண்டியிருந்தது. அந்த உரிமைக் கேள்வி இன்னும் நியாயமானதே. வீட்டுத் தோப்பு, சேனைப் பயிர்நிலம், கஜுத் தோட்டத்தில் கட்டிய கூட்டின் தேனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எதுவானாலும், அடையோடு கசக்கிப் பிழிந்த தேனில் புழுச்சாறும் மகரந்தமும் கலந்து நீர் கூடியிருக்கும். மெல்லிய துணியில் வடித்து, சிறிதளவே வாங்கி, இரண்டொரு மாதத்தில் முடித்துவிடுங்கள்.