'பிளாக் நேட்டிவிட்டி' போன்ற காஸ்பெல் (அமெரிக்கக் கறுப்பினத் தேவாலய இசை) கிறிஸ்துமஸ் இசை நாடகத்தை மேடையேற்ற என்ன வேண்டும்? எங்கே சறுக்கும்?

'நடுநடுவே பாட்டு வரும் நாடகம்' என்று நினைத்து இறங்கினால் அங்கேயே பாதி சறுக்கல். அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதி, வினெட் கரோல் இயக்கி, 1961 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கில் அரங்கேறிய படைப்பு இது. வசனம் சொற்பம். கதைசொல்லி பேசுவார், மரியாளும் யோசேப்பும் நடனத்தில்தான் வருவார்கள், மீதி முழுக்கப் பாடகர் குழுவின் தலையில். முதல் பகுதி பெத்லகேம், இரண்டாம் பகுதி இக்காலக் கறுப்பினத் தேவாலய ஆராதனை. முதல் அரங்கேற்றத்தைத் தாங்கிய மரியன் வில்லியம்ஸ், அலெக்ஸ் பிராட்ஃபோர்ட், பிரின்சஸ் ஸ்டூவர்ட் மூவருமே காஸ்பெல் பாடகர்கள். ஆகவே நடிகர் தேர்வுக்கு முன்னால் நல்ல இசை இயக்குநரைப் பிடியுங்கள்.

உரிமை விஷயத்தில் ஒரு பொறி உண்டு. ஹியூஸின் உரைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாட்டெல்லாம் பழைய ஸ்பிரிச்சுவல் (கறுப்பின அடிமைகள் காலத்துப் பக்திப் பாடல்) தானே என்று விட்டுவிடுவார்கள். 'கோ டெல் இட் ஆன் த மவுன்டன்' பழம்பாட்டுதான். ஆனால் அப்படியே பழசாக ஒலிக்கும் 'ஸ்வீட் லிட்டில் ஜீசஸ் பாய்' ராபர்ட் மெக்கிம்ஸி எழுதி 1934இல் வெளியானது. பழம்பாட்டாக இருந்தாலும் அச்சிட்ட இசையமைப்புக்குத் தனி உரிமை இருக்கலாம்; பாட்டுப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

குழுவுக்கு 25 முதல் 30 பேர் போதும். காஸ்பெலில் வழக்கமாக மூன்று குரல்தான்: சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்). 11, 9, 8 என்று பிரித்தால் சமமாக நிற்கும். பேஸ் குரலுக்கு (ஆண்களின் கீழ்க்குரல்) தனி வரி இல்லாததால் அந்த ஆண்களும் டெனர் பாடுவார்கள். ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும். அவர்களை முக்கிய வரிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாத்தியமில்லாமல் நான்கு குரலில் பாடும் ஸ்பிரிச்சுவல்களில் முழுதாக இறக்குங்கள். காகிதம் பார்த்துப் பாடினால் இந்த இசை செத்துவிடும். ஒரு வரியைப் பாடிக் காட்டி, திருப்பிப் பாட வைத்து, காதாலேயே ஏற்ற வேண்டும். வாரம் இரண்டு ஒத்திகை என்றால் எட்டு வாரம் பிடிக்கும்.

அதிகம் சிதறுவது 'வாம்ப்' எனப்படும் சுழல் வரியில்தான். எத்தனை முறை சுழலும் என்று முன்கூட்டி எண்ணி வைப்பதில்லை. தனிப்பாடகர் மேலே தாவிக்கொண்டிருக்க, நடத்துனர் கைசைகையால் அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவார். வரி முடிய இரண்டு தாள அடி இருக்கும்போதே சைகை வந்துவிட வேண்டும். புது வரி தொடங்கும் நொடியில் காட்டினால் பாதிக் குழு பழைய வரி, பாதி புதிய வரி. கூடவே, ஒவ்வொரு கட்டத்திலும் சுருதி அரைச்சுரம் ஏறும். உச்சத்தில் 'எஃப்' சுரம் பாடிய சோப்ரானோ மூன்று ஏற்றத்துக்குப் பின் 'ஏ ஃபிளாட்' பாட வேண்டியிருக்கும். அதனால் கடைசிச் சுருதியை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடக்கச் சுருதியைக் குறியுங்கள். தலைகீழாகச் செய்தால் முடிவில் அலறல்தான்.

வாத்தியம்: ஹாமண்ட் ஆர்கன் (லெஸ்லி எனும் சுழல் ஒலிபெருக்கியோடு; இல்லையென்றால் அந்த ஒலியுள்ள கீபோர்டு), பியானோ, பேஸ் கிட்டார், டிரம்ஸ், ஒரு கைத்தாளக் கருவி. பியானோக்காரரின் இடதுகையும் ஆர்கனின் கீழ்க்கட்டைகளும் பேஸ் கிட்டாரும் ஒரே இடத்தில் மோதினால் ஒலி சேறாகிவிடும். கீழ்ச்சுரப் பகுதி பேஸ் கிட்டாருக்கு மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குழுவுக்குப் பத்து மைக் வைக்கத் தோன்றும், வேண்டாம். மூன்று கண்டன்சர் மைக், முன்வரிசைக்கு 60 முதல் 90 செ.மீ. முன்னாலும் அதே அளவு மேலேயும் இருந்தால் போதும். டிரம்ஸைக் குழுவின் பின்னால் வைத்தால் அந்த மைக்குகள் டிரம்ஸைத்தான் பிடிக்கும். பக்கவாட்டில், தடுப்புக்குப் பின்னால் வையுங்கள். குழுவுக்கான மானிட்டரில் (மேடையில் அவர்களை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கி) பியானோ மட்டும் போகட்டும். அவர்கள் குரலையே திருப்பி அனுப்பினால் கூவல் கிளம்பும்.

பிறப்புக் காட்சி நடனத்துக்குப் பாடகர் குழு நிற்கும் படிமேடைக்கு முன்னால் குறைந்தது 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம் காலியாக இருக்கட்டும். வெறுங்காலில் ஆடுவார்கள்; தரையில் வயர் ஓடக் கூடாது. பதிவு செய்த பாட்டுக்கு ஆடிப் பழகியவர்கள் மேடையில் திணறுவார்கள், ஏனென்றால் நேரடி இசை உற்சாகத்தில் வேகமெடுக்கும். நான்காம் வாரத்திலிருந்தே டிரம்மர் நடன ஒத்திகைக்கு வர வேண்டும்.

இரண்டாம் பகுதி எப்போதும் நீளும். பார்வையாளர் எழுந்து நின்றுவிட்டால் வாம்பை நிறுத்த யாருக்கும் மனம் வராது. அரங்க வாடகை நேரத்தில் 15 நிமிடம் மிச்சம் வையுங்கள்.

கைதட்டல் நான்கு அடித் தாளத்தின் இரண்டாம், நான்காம் அடியில் விழ வேண்டும். கீர்த்தனைக்குச் சமத்தில் தட்டிப் பழகிய கைகள் ஒன்றிலும் மூன்றிலும் போய் விழும். அரங்கம் அப்படித் தட்டத் தொடங்கினால் டிரம்மர் அதே இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் டிரம்மைச் சற்று ஓங்கி அடித்தால் போதும். குழு தன் கையை நிறுத்தவும் கூடாது, மாற்றவும் கூடாது.