பின்னால் ஆள்!

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெர்லினில் வெடிங் பகுதிக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதமாகிறது. வீட்டருகே கம்பிவேலி போட்ட ஒரு தார்த்தரைத் திடல். மாலையில் துருக்கிய, அரபு, ஜெர்மன் பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். இரண்டு முறை சேர்த்துக்கொண்டார்கள், இரண்டு கோலும் அடித்தேன். ஆனாலும் எனக்குப் பந்து வருவதே இல்லை. மூன்றாம் முறை ஆள் போதும் என்றுவிட்டார்கள். மொழி தெரியாததாலா, நிறத்தாலா? என்ன ஷூ வாங்கலாம்? பேசாமல் கிளப்பில் சேர்ந்துவிடவா?

க.

அன்புள்ள க.,

வெளியூர்த் திடலில் தனியாக நிற்பவனைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பும் அந்த மாலை எவ்வளவு கனமானது என்று புரிகிறது.

நிறவெறுப்பு அங்கே அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 2010 உலகக்கோப்பையில் ஒருவர் கானாவுக்கும் மற்றவர் ஜெர்மனிக்கும் ஆடிய போவாடெங் சகோதரர்கள் பந்து உதைத்தது அதே வெடிங்கின் கம்பிக்கூண்டில்தான். அவர்களின் படம் அங்கே ஒரு சுவரில் பெரிதாக வரையப்பட்டது. இரண்டு முறை சேர்த்துக்கொண்டவர்கள் மூன்றாம் முறை மறுத்தால், முதலில் உங்கள் ஆட்டத்தைப் பாருங்கள்.

இரண்டு கோலை எழுதியிருக்கிறீர்கள். திடலில் என்ன பேசினீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஊமையாக ஆடியிருக்கிறீர்கள்! அப்படி ஆடுபவன் மற்றவர்களின் கண்ணைக் கடன் வாங்குகிறான், தன் கண்ணைத் தருவதில்லை. மொழி தெரியாது என்பது சாக்கு. மூன்று சொல் போதும்.

முதலாவது ‘ஹிண்டர்மன்’: பின்னால் ஆள். கூண்டு சிறியது, பந்தை வாங்குபவன் பெரும்பாலும் கோலுக்கு முதுகு காட்டித்தான் நிற்பான். பின்னால் பாய்ந்து வருபவன் அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பந்து அவன் காலுக்கு வந்தபிறகு கத்திப் பயனில்லை. கொடுப்பவனின் காலை விட்டுப் புறப்படும்போதே கத்தவேண்டும். அப்போதுதான் முதல் தொடுதலிலேயே திருப்பித் தட்டிவிட முடியும். அருகில் யாரும் இல்லையென்றால் ‘ட்சைட்’: நேரமிருக்கிறது, திரும்பு. ஒரே பந்துக்கு உங்கள் அணியிலேயே இருவர் ஓடினால் ‘லியோ’: நான் எடுக்கிறேன், விடு.

இதில் ஒரு பிழை மன்னிக்கப்படாது. ‘ட்சைட்’ என்று நீங்கள் சொல்லி அவன் பந்தைப் பறிகொடுத்தால், அன்று முழுக்க உங்கள் குரலை நம்பமாட்டான். சந்தேகமென்றால் ‘ஹிண்டர்மன்’ என்றே சொல்லுங்கள். இன்னொன்று, கையைத் தூக்கிப் பந்து கேட்டுக்கொண்டே இருப்பது பேச்சாகாது. கேட்பது வேறு, கண் கொடுப்பது வேறு. கண் கொடுப்பவனுக்குப் பந்து தானே வரும்.

ஷூ: தார்த்தரைக்கு வழவழப்பான ரப்பர் அடி. செயற்கைப்புல் என்றால் சிறு குமிழ்கள் நெருக்கமாக உள்ளது, ஜெர்மனில் அதை மரவட்டை என்பார்கள். புல்தரைக்கான நீளக் குமிழ் இரண்டுக்கும் ஆகாது: தாரில் வழுக்கும், செயற்கைப்புல்லில் பிடித்துக்கொண்டு முட்டியைத் திருகும். கிளப்பில் பிறகு சேரலாம், இந்தியாவில் ஏற்கெனவே பதிவுபெற்று ஆடியிருந்தால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆட மாறுவதற்கான சர்வதேச மாற்றுச் சான்று கேட்பார்கள்.

வாசலில் உள்ள நேரப்பலகையை மதியுங்கள். விளையாட்டுத் திடலில் குழந்தைகள் போடும் சத்தத்துக்கு 2011 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு, வளர்ந்தவர்களுக்கு அது கிடையாது. சொந்தப் பந்தோடு முதல் ஆளாகப் போங்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், முழுக் காற்றடித்தால் தாரில் எகிறும். பிந்திப் போனால் கோலுக்குப் பின்னால் நின்று, ஆட்டம் நிற்கும்போது மட்டும் கேளுங்கள். கேட்கும்போதே ‘இஷ் கே இன்ஸ் டோர்’, கோலில் நான் நிற்கிறேன், என்று சொல்லுங்கள். அந்த இடத்துக்கு எப்போதும் ஆள் தேவை. அங்கிருந்து பார்த்தால் உங்கள் அணியினரின் முதுகுகளும், அவற்றை நோக்கி வருபவர்களும் தெரிவார்கள். வாயைத் திறங்கள்.