ட்ரிபிள் வெயிட்டட் செஸ் செட்டா? கிராம் எவ்ளோன்னு கேளுங்க

கேள்வி: அண்ணா, நாங்க குடியாத்தம். பொண்ணு ஆறாவது படிக்கறா, செஸ் கிளாஸ் போறா. வீட்ல இருக்கற பிளாஸ்டிக் காய் ரொம்ப லேசு, கை பட்டாலே சாஞ்சிடுது. மரத்துல வாங்கலாம்னு ஆன்லைன்ல பாத்தா டபுள் வெயிட்டட், ட்ரிபிள் வெயிட்டட், செம்மரம்னு இன்னான்னாவோ போட்டிருக்காங்க. எத பாத்து வாங்கறது?

பதில்: வெயிட்டட்னா காய் சாயாம நிக்க உள்ள எடை வச்சதுன்னு அர்த்தம், மொதல்ல அந்த டபுள் ட்ரிபிள் கதைய விடுங்க. அதுக்குன்னு பொதுவான அளவு கெடையாது, ஒரு கடையில டபுள்னு சொல்றத இன்னொருத்தர் ட்ரிபிள்னு விப்பாரு. ராஜா மட்டும் எத்தன கிராம், 32 காயும் சேத்து எத்தன கிராம்னு கேளுங்க, எக்ஸ்ட்ரா ராணி ரெண்டு இருந்தா 34ன்னு கணக்கு வச்சுக்குங்க. ராஜா ஒசரம் 9.5 செ.மீ., அதான் உலக செஸ் அமைப்பான ஃபிடே சொல்ற அளவு, அந்த சைஸ்ல மொத்தம் ஒரு கிலோவுக்கு மேல வந்தா நல்ல செட்டு. கிராம் சொல்ல மாட்டேன்றவங்ககிட்ட வாங்காதீங்க.

ஆனா வெயிட் மட்டும் இருந்தா பத்தாது, அது அடியில இருக்கணும். காயோட அடியில ஓட்டை போட்டு இரும்போ ஈயமோ வச்சு மூடி மேல ஃபெல்ட் துணி ஒட்டறாங்க, அடி அகலமும் ஒசரத்துல 40லருந்து 50 சதவீதம் இருக்கணும். கையில வந்ததும் ராஜாவ கொஞ்சம் சாச்சு விட்டுப் பாருங்க, தானா நிமிந்து நிக்கணும். அப்புறம் ஒவ்வொண்ணா காதுகிட்ட வச்சு குலுக்குங்க, லொடலொடன்னா உடனே ரிட்டர்ன் போடுங்க. சரியா காயாத மரத்துல செஞ்சிருந்தா நம்ம வேலூர் வெயில்ல மரம் சுருங்கும், உள்ள இருக்கற இரும்பு சுருங்காது, அடியில விரிசல் விட்டுடும். அதனால ஓட்டு வீட்டு பரண் மேல, வெயில்ல நிக்கற கார்ல எல்லாம் போட்டு வைக்காதீங்க. ஈயம் வச்ச செட்டுன்னா ஃபெல்ட் பிஞ்சதும் ஒட்டிடுங்க, சின்னப் பசங்க நோண்டக் கூடாது.

செம்மரம் விஷயம். சித்தூர் பக்கம் காட்டுல இருக்கற, வெட்ட விக்க கெடுபிடி உள்ள அந்த மரமாதான் இருக்கும்னு நெனச்சு காசு குடுக்காதீங்க, செஸ் செட்டுல செவப்பா வர்றது பெரும்பாலும் பாடாக்னு ஒரு மரம். நல்ல மரம்தான், வெளிச்சம் பட பட பிரவுனாயிடும், அவ்ளோதான். கறுப்பு காய் கருங்காலின்னா வெலை எகிறும், கம்மி வெலைக்கு வந்தா சாயம் போட்டதுன்னு வச்சுக்குங்க, ஈர வெள்ளத்துணியால தொடச்சா சாயம் ஒட்டினாலும் ஒட்டும். என்னக் கேட்டா வெள்ளைக்கு பாக்ஸ்வுட்னு வெளிர் மஞ்சள் மரம், கறுப்புக்கு ஷீஷம்னு பழுப்பு மரம் போதும். இந்த செட்டுங்க நெறைய பஞ்சாப் அமிர்தசரஸ்லருந்துதான் வருது. மத்த காயெல்லாம் கடைசல்ல உருட்டிடலாம், குதிரைய மட்டும் கையால செதுக்கணும், அதனால போட்டோல குதிரை மூஞ்ச ஜூம் பண்ணிப் பாருங்க, வேலைப்பாடு அங்கதான் தெரியும்.

இன்னொண்ணு, டோர்னமென்ட்ல பெரும்பாலும் பிளாஸ்டிக் காய், சுருட்டற போர்டுதான். பிராக்டிஸுக்குன்னா வெயிட் வச்ச பிளாஸ்டிக்கே போதும், வெலையும் கம்மி.

கேள்வி: ஆற்காட்லருந்து. தாத்தா காலத்து மர செட்டு இருக்குது, காத்தா லேசு. நாமளே வெயிட் ஏத்தலாமா சார்?

பதில்: ஏத்தலாம். பழைய நல்ல வேலைப்பாடு உள்ளதா இருந்தா மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட காட்டாம ஓட்டை போடாதீங்க. இல்லன்னா கடைசல் பட்டறையில குடுத்து அடியில நடு சென்டரா தொளை போடச் சொல்லுங்க, இடுப்பு மெலிசா வர்ற எடத்துக்கு மேல போகக் கூடாது, ஒடிஞ்சிடும். உள்ள இரும்பு நட்டு, வாஷர் போட்டு எபாக்ஸி (ரெண்டு பாகம் கலக்கற கெட்டிப் பசை) ஊத்தி ஒரு நாள் தலைகீழா நிக்க வைங்க. டைட்டா அடிச்சு எறக்காதீங்க, சுத்தி கொஞ்சம் எடம் விட்டாதான் மரம் வெடிக்காது. எபாக்ஸி மேல பொங்கி வந்திருந்தா கண்ணாடி மேல உப்புத்தாள் வச்சு தேச்சு சமமாக்குங்க. பதினாறு சிப்பாயையும் கிச்சன் தராசுல போட்டு ஒரே வெயிட்டா கொண்டாங்க, இதுல சோம்பேறித்தனம் பட்டா வெளையாடும்போது கையில தெரியும். அடிக்கு ஃபெல்ட்தான்னு இல்ல, ஆம்பூர் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனில வேலை செய்றவங்க யாராவது இருந்தா மெல்லிசான தோல் வெட்டுத்துண்டு கேளுங்க, ஃபெல்ட்ட விட ரொம்ப நாள் வரும்.