2018இல் மறைந்த டெல்டா மண்ணின் ஆளுமைகளில் யாரை அவசியம் நினைவுகூர வேண்டும்?

திருக்குவளையில் பிறந்த கலைஞர் கருணாநிதி ஆகஸ்ட் 7இல் மறைந்ததை யாரும் மறக்கப் போவதில்லை. புஞ்சை கிராமத்தில் பிறந்து, 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி அக்டோபர் 24இல் காலமானார்.

ஆனால் என் மனசு நிற்பது நெல் ஜெயராமனிடம்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர், இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் வழி வந்தவர். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று 150க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டார். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு அது 4 கிலோவாகத் திரும்ப வேண்டும். விதையைக் காசாக்காமல் பரப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. டிசம்பர் 6இல் புற்றுநோயால் அவர் இறந்தபோது கஜா புயல் அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தென்னை சாய்ந்து, கூரை பறந்து கிடந்த சனங்களுக்கு அவருக்காக நின்று அழவும் நேரமில்லை. அதனால்தான் அவரை அழுத்திச் சொல்கிறேன்.