சூளை முன்பணமும் ஏஜென்ட் கையில் இருக்கும் ஆதாரும்

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்த வாரம் ஒடிசாவிலிருந்து பதினைந்து குடும்பங்கள் சூளைக்கு வந்தன. ஒரு குடும்பத்தில் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. ஒன்பது வயதில் பையன், நாலு வயதில் பெண் குழந்தை. பையன் பள்ளிக்கூடம் போகாமல் காலையிலேயே கல் திருப்பிப் போடுகிறான். புருஷன் முன்பு சென்னையில் வேலை பார்த்தவர், தமிழ் பேசுவார். ஊரில் வைத்தே நாற்பதாயிரம் முன்பணம் வாங்கினாராம். வந்திறங்கிய அன்றே ஏஜென்ட் எல்லாருடைய ஆதார் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் குடும்பத்தில் ஒருவர்தான் வெளியே வரலாம். வாரச் செலவுக்குக் கொஞ்சம் காசு, மீதிக் கணக்கு சீசன் முடிந்த பிறகாம். அரிசி பருப்பெல்லாம் என் கடையில் பற்றுதான். சூளை முதலாளி எங்கள் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம். "வேண்டாத வேலை, உன் மேல்தான் கேஸ் வரும்" என்கிறார் இவர். இவர்களுக்கு ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கிடைக்குமா? கார்டைத் திரும்ப வாங்க வழி உண்டா?
– ஒரு வாசகி, தோவாளை வட்டம்

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. கண்ணால் பார்த்ததை உண்மையாக அதிகாரியிடம் சொன்னதற்காக யார் மேலும் கேஸ் வராது. இந்த மாதிரி விஷயத்தில் பாதிக்கப்பட்டவர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. எதிர்க் கடைக்காரரும் கொடுக்கலாம். பெயரை வெளியே விட வேண்டாம் என்று மனுவிலேயே எழுதிக் கேட்கலாம். சொந்தபந்தத்தில் வரும் மனக்கசப்புக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

நீங்கள் கேட்டது ரேஷனும் பள்ளிக்கூடமும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தை. முன்பணம் கொடுப்பது குற்றமில்லை. மேற்கு ஒடிசாவில் நுவாகாய் திருவிழாவை ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு வெளி மாநிலத்துக்குப் போவது பழைய வழக்கம். 'தாதன்' என்பார்கள். ஆனால் அந்தப் பணத்தைக் காட்டி ஒருவரை வெளியே போகவிடாமல் வைத்தாலோ, வேறு வேலைக்குப் போகக் கூடாது என்று தடுத்தாலோ, பேருக்குக் கொஞ்சம் கூலி கொடுத்து வேலை வாங்கினாலோ அது 1976-ம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய வேலைதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

உங்கள் எதிர்ச் சூளையில் நடப்பது கொத்தடிமை முறை என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தப் புருஷனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நாளைக்குக் காலையில் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும் என்றால் விடுவார்களா?" பணத்தைக் கட்டிவிட்டுப் போ, ஒருத்தரை வைத்துவிட்டுப் போ, கார்டு கிடையாது – இப்படி ஏதாவது பதில் வந்தால் விஷயம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போக வேண்டியது. தோவாளை வட்டம் நாகர்கோவில் கோட்டத்தில் வருகிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமே மனு கொடுத்தாலும் சரி. விசாரணையில் கொத்தடிமை என்று தெரிந்தால் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள். அந்த நாற்பதாயிரம் கடன் அதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகும் அதை வசூலித்தால் வசூலித்தவர்தான் குற்றவாளி. உடனடி உதவித் தொகை முப்பதாயிரம் ரூபாய் வரை உண்டு, அப்புறம் மறுவாழ்வுத் தொகை தனி. கொத்தடிமையாக வைத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வழக்கில் "இது கொத்தடிமைக் கடன் இல்லை" என்று நிரூபிக்கும் பொறுப்பும் பணம் கொடுத்தவர் தலையில்தான்.

ஆனால் அவர்களைக் கேட்காமல் மனுப் போட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். மனு போன செய்தி கசிந்தால் முதலாளி ராத்திரியோடு ராத்திரியாக ரயில் ஏற்றி அனுப்பிவிடுவார். கணக்கும் போச்சு, சாட்சியும் போச்சு. புருஷன் மனைவி இரண்டு பேரிடமும் தனியாகப் பேசுங்கள். "வேலை வேண்டும், கார்டும் கூலியும் ஒழுங்காக வந்தால் போதும்" என்று அவர்கள் சொன்னால் வழி வேறு: நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். மாதக் கூலியை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பு. சீசன் முடிந்து தருகிறேன் என்பதற்கு அதில் இடமே இல்லை. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று இருந்த 1979-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்பு, பணிநிலைமைகள் பற்றிய புதிய தொகுப்பு வந்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத்தார் வேலை செய்தால் அது பொருந்தும். பதினைந்து குடும்பம் என்றால் சந்தேகத்துக்கே வேலையில்லை. ஊருக்குப் போய்வரும் செலவுக்குப் பயணப்படி கேட்கவும் அதில் வழி இருக்கிறது.

ஆதார் கார்டு. அடுத்தவர் கார்டைப் பிடித்து வைக்க ஏஜென்டுக்கும் உரிமை இல்லை, முதலாளிக்கும் இல்லை. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கல்ஃபுக்குப் போன ஆள் உண்டு. அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்த கதையைக் கேட்டுக் கொதித்த நாம், இங்கே 'பெங்காலி' என்று ஒரே பேரில் ஒடிசாக்காரனையும் பீகார்க்காரனையும் கூப்பிட்டுக்கொண்டு, அவன் கார்டு யார் பெட்டியில் இருக்கிறது என்று கேட்பதில்லை. சரி, அது கிடக்கட்டும். கார்டு வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஆதாரோடு இணைத்த போன் எண் அவர் கையில் இருந்தால், ஓடிபி போட்டு இ-ஆதார் இறக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். அது அசலுக்குச் சமம். போன் எண் மாறிப்போயிருந்தால் ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டும். ஆதார் உதவி எண் 1947-க்கு அழைத்தும் கேட்கலாம்.

இதையெல்லாம் விட அவசரம் அந்தப் பெண். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் கிராம சுகாதாரச் செவிலியரைச் சூளைக்கு வரச் சொல்லுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் ஒன்று தருவார்கள். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். வெளிமாநிலம் என்று யாரும் மறுக்க முடியாது. ஒடிசாவில் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் அந்த அட்டையையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கும் தாய்க்கும் அங்கன்வாடி.

பையனுக்குக் கல்வி உரிமைச் சட்டம் 2009 போதும். டிசி இல்லை, வயதுச் சான்று இல்லை, தமிழ் தெரியாது, வருஷ நடுவில் வந்தான் – இவை எதுவும் அரசுப் பள்ளியில் சேர்க்காததற்குக் காரணம் ஆகாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. "அப்பன் ஆத்தாளுக்கு ஒத்தாசை செய்கிறான்" என்று சூளைக்காரர் சொல்வார். சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக உதவுவதற்குத்தான் சட்டம் விலக்குத் தருகிறது. சூளை அவன் குடும்பத்துடையது இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டால் விசாரிக்க ஆள் வரும்.

ரேஷன் எளிது. ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கார்டு இருந்து அதில் ஆதார் இணைந்திருந்தால், நம் ஊர் ரேஷன் கடையில் விரல் வைத்து அரிசி வாங்கலாம், காசு கிடையாது. சர்க்கரை, பருப்பு, பாமாயில் நம் அட்டைக்கு மட்டும். ஊரில் கிழவன் கிழவி யாராவது இருந்தால் அவர்கள் பங்கை அங்கே வாங்கிக்கொள்ளலாம். உங்கள் கடையில் அரிசி வியாபாரம் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் வக்கீல் வேண்டுமென்றால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. பெண்கள், குழந்தைகள், கட்டாய வேலையில் சிக்கியவர்கள் எல்லாருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசம்.

கடைசியாக ஒன்று. உங்கள் பற்று நோட்டு. அந்தக் குடும்பம் எந்தத் தேதியில் முதல் சாமான் வாங்கியது, எந்த வாரம் எவ்வளவு கட்டியது என்பதெல்லாம் அதில் இருக்கும். எத்தனை நாள் வேலை செய்தார்கள், கையில் எவ்வளவு காசு வந்தது என்று அதிகாரி கேட்கும்போது சூளைக் கணக்கு ஒன்று சொல்லும், உங்கள் நோட்டு வேறொன்று சொல்லும். பக்கம் பக்கமாக இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அடித்துத் திருத்தி எதையும் எழுத வேண்டாம்.