பிள்ளை நம்மிடம் வந்து சொல்லும்போது: ஆசிரியர்கள், களப்பணியாளர்கள் கேட்ட கேள்விகள்

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்று ஒரு மாணவி பேச ஆரம்பித்தாள். சத்தியம் செய்து கொடுக்கலாமா?
– ஆசிரியை, வேளச்சேரி

கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. "உனக்கு உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதற்குப் பிறகும் பேசுவார்கள்.

அடுத்தது, கேட்கும் விதம். எங்கள் பயிற்சிகளில் அதிக நேரம் எடுப்பது இதற்குத்தான். "மாமா உன்னைத் தொட்டாரா?" என்று விடையையும் சேர்த்துக் கேட்டால் பயந்திருக்கும் பிள்ளை தலையாட்டிவிடும். பின்னால் நீதிமன்றத்தில் அதுவே வழக்கைப் பலவீனமாக்கும். "என்ன நடந்துச்சு?", "அப்புறம்?" இந்த இரண்டும் போதும். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பழி தன் மேல்தான் என்று பிள்ளை முடிவு செய்துவிடும். பேசி முடித்ததும் தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். "அந்த அண்ணன் அசிங்கம் பண்ணாரு" என்று சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள், "பாலியல் சீண்டல்" என்று திருத்தாதீர்கள்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டியது ஒவ்வொருவரின் கடமை. தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் பொறுப்பு முடிவதில்லை. தகவல் தராதவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை. நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சட்டப்படி நடவடிக்கை கிடையாது.

ஒரு எச்சரிக்கை. பதற்றத்தில் உடனே வீட்டுக்குப் போன் போடாதீர்கள். போக்சோ வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் பிள்ளைக்குத் தெரிந்தவர். போனை எடுப்பவரே அவராக இருக்கலாம்.

எங்கள் நடனப் பள்ளி ஊழியர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி போதுமா?
– நங்கநல்லூர்

போதாது. 2020 போக்சோ விதிகள் குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்கின்றன: ஊழியர்களின் காவல்துறை சரிபார்ப்பு, அவ்வப்போது பயிற்சி, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை. பிள்ளைகளுக்கு "குட் டச், பேட் டச்" சொல்லிக்கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் இடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஏழு வயதுப் பிள்ளையா தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்? பெரியவர்கள் அறைக் கதவைத் திறந்து வைப்பது, பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசாமல் இருப்பது, சந்தேகம் வந்தால் சக ஊழியர் மீதே புகார் சொல்லத் துணிவது ஆகியவற்றை நடித்துப் பார்த்துத்தான் பழக முடியும். சென்னையில் துளிர் அமைப்பு 2004 முதல் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்கும் பணியில் இயங்குகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் 'சம்வாத்' திட்டமும் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது.

ஆண் பிள்ளைகளுக்கும் போக்சோ பொருந்துமா?
– பெரம்பூர்

பொருந்தும். 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண்கள்.

அம்மா விடியற்காலையில் நகரத்துக்குள் வீட்டு வேலைக்குப் போய்விடுகிறார். அப்பா குடி. மூன்று பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லிப் பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்கலாமா?
– களப்பணியாளர், பெரும்பாக்கம்

1098 எந்த நேரமும் இயங்குகிறது. அடி உதை, காயம், பாலியல் கொடுமை என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்த அம்மா பிள்ளைகளைக் கைவிட்டவர் இல்லை. நகரத்திலிருந்து பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்ட குடும்பம், வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளைப் பிரிப்பது கடைசி வழியாக இருக்கட்டும். குழந்தைகள் பராமரிப்பு, பாதுகாப்புக்கான இளைஞர் நீதிச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

முதலில் அந்த அம்மாவோடு உட்கார்ந்து அவருடைய ஒரு நாளை மணிவாரியாக எழுதுங்கள். பிள்ளைகள் எந்த நேரத்தில் யாரும் இல்லாமல் இருக்கிறார்கள் என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். கடைக்குட்டிக்கு அங்கன்வாடி. அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலை உணவும் அங்கேயே. அப்பா சம்மதித்தால் குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு அடையாறு இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை. அங்கே குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வார்கள். அடி வாங்குவது அம்மா என்றால் பெண்கள் உதவி எண் 181. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 'மிஷன் வாத்சல்யா' என்ற மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவு பற்றிக் கேளுங்கள். தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கைவிடப்பட்ட தாய், கடும் நோயுற்ற பெற்றோர் போன்ற நிபந்தனைகளும் உண்டு. விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கூடவே போங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவருக்கு அது பெரிய துணை.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து இந்த வேலைக்கு வந்தேன். கேட்ட கதைகள் இரவில் தூங்க விடுவதில்லை. எனக்கு இது ஒத்துவராதோ?
– எழும்பூர்

உங்களுக்கு மனசு இருக்கிறது என்றுதான் அர்த்தம். குறை நிறுவனத்தில் இருக்கலாம். மூத்தவர் ஒருவர் வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து உங்கள் வழக்குகளைக் கேட்கிறாரா? இல்லையென்றால் எழுத்திலேயே கேளுங்கள். அடுத்த வேலைக்கான நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள். அதுவரை கூடப் படித்தவர்கள் நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை பேசலாம். பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எதையும் சொல்லாமல் உங்களுக்கு எது கனத்தது என்பதை மட்டும் பேசுங்கள். அப்படியும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.