பழைய திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) இயற்கை இடர் தணிப்புத் திட்டத்தை, அதாவது வெள்ளம், புயல் போன்றவற்றின் சேதத்தை முன்கூட்டியே குறைப்பதற்கான திட்டத்தைப் புதுப்பிக்கும் குழுவில் குடிமக்கள் சார்பில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். இப்போதைய திட்டம் 14 மாதத்தில் காலாவதியாகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள். "ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய திட்டம்தானே, புள்ளிவிவரத்தையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிடலாம்" என்கிறார்கள் சிலர். அது சரியா? நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சரியில்லை. அதற்குக் காரணம் சொல்வதற்கு முன்னால் உங்கள் 14 மாதத்தைப் பார்த்துவிடலாம்.

வரைவை முதலில் மாநில அவசரகால மேலாண்மை அலுவலகம் படிக்கும். பிறகு அது மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமாவுக்கு (FEMA) போகும். அங்கே பொதுவாக 45 நாள். குறை இருந்தால் திரும்பி வரும், திருத்தி அனுப்பினால் மறுபடியும் வரிசை. அதற்கப்புறம் கவுன்ட்டியும் ஒவ்வொரு நகர மன்றமும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இதையெல்லாம் கழித்தால் எழுதுவதற்கு எட்டு ஒன்பது மாதம்தான் மிஞ்சும். அதனால் இந்த மாதமே முதல் கூட்டத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

காலாவதியானால் என்ன ஆகும்? 2000-ஆம் ஆண்டின் பேரிடர் தணிப்புச் சட்டப்படி உள்ளாட்சிகள் 5 ஆண்டுக்கு ஒருமுறை திட்டத்தைப் புதுப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் இல்லாவிட்டால் ஃபெமாவின் தணிப்பு மானியங்களில் கட்டுமானப் பணிகளுக்குப் பணம் கிடைக்காது. வெள்ளத்துக்கு மேலே வீட்டை உயர்த்துவது, திரும்பத் திரும்ப மூழ்கும் வீட்டை விலைக்கு வாங்கி அந்த இடத்தைத் திறந்தவெளியாக்குவது, சிறுபாலத்தைப் பெரிதாக்குவது எல்லாம் இதில் அடங்கும். மீட்புப் பணியும் தற்காலிகத் தங்குமிடமும் இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் வரும். குழுவில் பலர் தணிப்பு மானியத்தையும் இந்த அவசர உதவியையும் போட்டுக் குழப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். முக்கியமான மானியம் ஒன்று, அமெரிக்க அதிபர் பெரும் பேரிடர் என்று அறிவித்த பிறகுதான் திறக்கும். பொதுவாகச் செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும். அந்த நேரத்தில் உங்கள் திட்டம் செத்துக் கிடந்தால், அதே மழையில் நனைந்த பக்கத்துக் கவுன்ட்டி பணம் வாங்கும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, தேதியை மாற்றுவது ஏன் போதாது? புதுப்பித்த திட்டத்தில் மூன்று விஷயங்களை விதிகளே கேட்கின்றன. கடந்த ஐந்தாண்டில் ஊரில் எங்கெங்கே புதிதாகக் கட்டினார்கள், அதனால் ஆபத்து கூடியதா குறைந்ததா? பழைய திட்டத்தில் செய்வதாகச் சொன்னதில் எது முடிந்தது, எது முடியவில்லை? முன்னுரிமை மாறியிருக்கிறதா? படிக்கும் அதிகாரி இவற்றைத் தேடித்தான் பக்கத்தைப் புரட்டுவார்.

ஒப்புதலைவிட எனக்குக் கவலை வேறு. இந்த ஆவணத்தில் உயிர் இருக்கும் இடம் கடைசியில் வரும் நடவடிக்கைப் பட்டியல். முன்னால் உள்ள பக்கங்களெல்லாம் அதற்குக் காரணம் சொல்பவைதான். அதனால் நீங்கள் கடைசியிலிருந்து தொடங்குங்கள். பழைய பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே முடிந்தது, தொடங்கியது, கைவிட்டது என்று குறியுங்கள். முடியவில்லை என்றால் ஏன் என்று ஒரே ஒரு வாக்கியம்.

நான் வேலை பார்த்த ஒரு கவுன்ட்டியில், ஓர் ஓடையின் மேல் போகும் சாலைக்கு அடியில் உள்ள குழாய்ப் பாலத்தைப் பெரிதாக்குவது என்ற வரி அடுத்தடுத்து மூன்று திட்டங்களில் இருந்தது. மூன்றிலும் நிலை: 'தொடர்கிறது'. சாலைப் பணி மேற்பார்வையாளரிடம் கேட்டேன், வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஓடைக்கரைக் கம்பி வேலியில் என் நெஞ்சு உயரத்துக்குக் காய்ந்த புல்லும் சுள்ளிகளும் ஒரே கோடாகச் சிக்கியிருந்தன. போன மழையில் தண்ணீர் நின்ற மட்டம் அது. குழாயின் வாயில் ஒரு மரக்கிளை குறுக்கே கிடந்தது. "குழாய் சின்னதுதான், ஆனால் முக்கால்வாசி நாள் அது அடைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சங்கிலி போட்டு இழுப்பேன்" என்றார். மேற்பக்கம் புதிதாக வந்த கடை வளாகத்தின் வாகன நிறுத்தத்திலிருந்து தண்ணீர் முன்பைவிட வேகமாக வருகிறது என்பதையும் அவர்தான் காட்டினார். மூன்று திட்டம் எழுதியவர்களில் ஒருவர்கூட அவரிடம் பேசியிருக்கவில்லை. அந்த ஒரு வரியை மூன்றாகப் பிரித்தோம்: குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்பு, ஆண்டுக்கு இரண்டு முறை தூர்வார வரவு செலவில் தனி ஒதுக்கீடு, பெரிய குழாய்க்கான பொறியியல் ஆய்வு. முதல் இரண்டுக்கும் எந்த மானியமும் தேவைப்படவில்லை.

பட்டியலில் ஒவ்வொரு வரியும் இப்படித்தான் இருக்க வேண்டும். எந்த இடம், எந்தத் துறை பொறுப்பு, பணம் எங்கிருந்து, எப்போதைக்குள். 'மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்று மொட்டையாக ஒரு வரி இருந்தால், யார், யாருக்கு, எதைப் பற்றி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மானியத்தில் கோத்து வைக்கவும் வேண்டாம். பேரிடருக்கு முன்பே தணிப்புப் பணிகளுக்கு ஃபெமா தந்த 'பிரிக்' (BRIC) என்ற மானியத்தை நம்பிப் பல ஊர்கள் பட்டியல் போட்டிருந்தன. 2025 ஏப்ரலில் அதை நிறுத்துவதாக ஃபெமா அறிவித்தது, மாநிலங்கள் வழக்குப் போட்டன. மாநில நிதி, மழைநீர் வடிகால் கட்டணம், வழக்கமான சாலைப் பராமரிப்பு என்று இரண்டாவது வழி ஒன்றைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பட்டியல் ஆயத்தமாக இருப்பதன் அருமை வெள்ளம் வடிந்த மறுவாரம்தான் தெரியும். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1976-லும் 1984-லும் மே மாத இறுதியில் வரும் அதே நினைவு நாள் (Memorial Day) விடுமுறையில் வெள்ளம் வந்தது. 1984-இல் 14 பேர் இறந்தார்கள். மக்கள் பழைய இடத்திலேயே பழையபடி கட்டத் தொடங்குவதற்குள் நகர நிர்வாகம் முந்திக்கொண்டு, மூழ்கிய வீடுகளில் 300-ஐ விலைக்கு வாங்கியது. அந்த வேகத்துக்கு முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பது அவசியம்.

இடர் மதிப்பீட்டுப் பகுதியைப் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனம் எழுதிவிடும், உங்கள் வேலை சரிபார்ப்பது. மத்திய அரசின் கடல், வளிமண்டல ஆய்வு முகமையான நோவாவின் (NOAA) புயல் நிகழ்வுத் தரவுத்தளத்திலிருந்து கடந்த ஐந்தாண்டு நிகழ்வுகள் சேர்ந்திருக்கின்றனவா? வெள்ளக் காப்பீட்டில் திரும்பத் திரும்ப இழப்பீடு வாங்கிய கட்டடங்கள் எத்தனை, எந்த வகை என்று இருக்கிறதா? ஃபெமாவின் தேசிய இடர் குறியீடு 18 வகை இடர்களைக் காட்டும். தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் உங்கள் ஓடையை அதற்குத் தெரியாது. 2023 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த ஃபெமா வழிகாட்டி, பருவநிலை மாறும்போது ஒவ்வோர் இடரும் எப்படி மாறும் என்பதையும் எழுதச் சொன்னது. உங்கள் பழைய திட்டம் அதற்கு முந்தையது என்றால் இந்தப் பகுதி அநேகமாக இருக்காது. 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லையும் விளக்கச் சொல்லுங்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று அதற்குப் பொருளில்லை. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று. கூட்டத்தில் இதைச் சொன்னால் முகங்கள் மாறும்.

பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயம். ஆனால் வார நாள் மாலையில் நகர மன்றக் கூடத்தில் கூட்டம் போட்டால் நான்கு பேர் வருவார்கள், அவர்களில் மூவர் ஊழியர்கள். நடமாடும் வீடுகள் உள்ள குடியிருப்பு, நூலகம், பள்ளி விழா என்று மக்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். வசதி குறைந்தவர்களையும் எளிதில் பாதிப்புக்குள்ளாகிறவர்களையும் சேர்க்க வேண்டும் என்பதை 2023-இல் நடைமுறைக்கு வந்த அந்த வழிகாட்டி வெளிப்படையாகவே சொன்னது. நம் வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு வந்து தங்கும் அப்பா அம்மா பகலில் தனியாக இருப்பார்கள். சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கைச் சங்கு ஊதினால் அது என்ன சத்தம், வீட்டில் எந்த மூலைக்குப் போவது என்று அவர்களுக்குத் தெரியுமா? எந்தக் கணக்கெடுப்பிலும் அவர்கள் வர மாட்டார்கள். இதைக் குழுவில் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

கடைசியாக, சிறு நகரங்கள் வழக்கமாகத் தவறவிடும் ஒன்று. கவுன்ட்டி தீர்மானம் போட்டால் உங்கள் நகரமும் சேர்ந்துவிட்டதாக ஆகாது. பட்டியலில் உங்கள் நகரத்துக்கென்று தனி நடவடிக்கைகள் இருக்க வேண்டும், நகர மன்றமும் தனியே ஏற்க வேண்டும். ஏற்பு மட்டுமே பாக்கி என்று ஃபெமா கடிதம் வந்ததும் அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தீர்மானத்தை வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாண்டுக் கணக்கு எல்லா ஊர்களுக்கும் சேர்த்துத்தான் ஓடும். தாமதமாக ஏற்கிற ஊருக்கு அந்த அளவு காலம் நட்டம்.

கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் வருகைப் பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்திடுங்கள். மக்கள் பங்கேற்றதற்கு அது சான்று. திட்டப் பணிக்கு மானியம் வாங்கியிருந்தால், உங்களைப் போன்ற தன்னார்வலர்கள் தந்த நேரத்தையும், செலவில் உள்ளாட்சி தர வேண்டிய பங்காகக் கணக்குக் காட்ட வழி உண்டு. கவுன்ட்டி ஒருங்கிணைப்பாளரிடம் இதை முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள், பிறகு தேடினால் பதிவு இருக்காது.